கூடு எந்த ஊரது?

மணிக்கூடு என்ற நம் சொல்லிலேயே கூடு இருக்கிறது. ஆனாலும் பழைய சட்டைப்பை மணிக்கூடுகளைச் சேர்ப்பவர்கள் பின்மூடியைத் திறந்து முதலில் பொறியைத்தான் பார்க்கிறார்கள். கூடு அதற்கு உரியதுதானா என்று தீர்மானிக்க அவர்கள் எடுக்கும் அளவுகோல் பெரும்பாலும் அமெரிக்காவினுடையது. 1891இல் ஒஹாயோவின் கிப்டனில் இரண்டு புகையிரதங்கள் மோதின. நான்கு நிமிடம் பின்தங்கிய ஒரு மணிக்கூடே காரணம் என்று சொல்லப்பட்டது. அதன் பின் வெப் பால் என்ற நகை வணிகரின் மேற்பார்வையில் விதிகள் இறுகின. முகப்பு திறந்திருக்க வேண்டும், வாரத்தில் 30 வினாடிக்கு மேல் பிழைக்கக் கூடாது என்றெல்லாம் நிபந்தனைகள் வந்தன. இந்த அளவுகோலைக் கண்டிப் புகையிரதப் பாதையின் மணிக்கூடுகள்மீது வைப்பது தவறு.

அமெரிக்க ஒற்றைப் பாதைகள் பலவற்றில் எதிரெதிரே வரும் வண்டிகளைப் பிரித்து வைத்தது நேர அட்டவணையும் தந்திக் கட்டளையும்தான். அங்கே மணிக்கூடு பிழைத்தால் உயிர் போகும். 1867இல் கண்டியை எட்டிய நம் பாதையோ பிரித்தானிய மரபில் வளர்ந்தது. கடுகண்ணாவைக்கு ஏறும் செங்குத்தான மலைச்சரிவைக் கொண்ட மலையகப் பாதையில், டயர் என்பவர் 1878இல் உருவாக்கிய டேப்லட் முறை நம் காலம்வரை நிலைத்தது. வட்டத் தகடு கையில் வராமல் சாரதி அடுத்த பகுதிக்குள் நுழைய முடியாது. ஒரு தகடு வெளியே இருக்கும்வரை இரு நிலையத்துக் கருவிகளும் மற்றொன்றை விடா. புகையிரதக் காவலர் (காட்) நேரம் குறிக்க மணிக்கூடு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் அது தாமதத்தைக் கணக்கெழுதும் கருவி; மோதலைத் தடுக்கும் கடைசி அரண் அல்ல. ஆகவே அமெரிக்கத் தர முத்திரை இல்லாததால் அது தாழ்ந்ததாகிவிடாது.

கூட்டுக்கும் இதே நியாயம்தான். அமெரிக்காவிலேயே பொறியும் கூடும் தனித்தனியே விற்கப்பட்டு, கடையில் சேர்க்கப்பட்டன. வால்தம் தொழிற்சாலைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான ஆரன் டெனிசன் பின்னர் பேர்மிங்ஹாமுக்குக் குடிபெயர்ந்து 1874இல் கூடு செய்யும் தொழில் தொடங்கினார். கடல் கடந்து வந்த வால்தம் பொறிகள் அங்கே வெள்ளிக்கூடு பெற்றன. நங்கூர முத்திரையும் ஆண்டைக் காட்டும் எழுத்தும் உள்ளே பதிந்தன. அமெரிக்கச் சேகரிப்பாளர் அதைக் கண்டால் கூடு மாறிவிட்டது என்பார். பிரித்தானியக் குடியேற்ற நாடொன்றின் மலைநகரத்துக்கோ அதுவே காலத்துக்கு ஏற்ற இணை.

அப்படியானால் எந்தக் கலப்பையும் சரியென்று சொல்லிவிடலாமே என்ற மறுப்பு எழும். முடியாது. பொறியின் தொடரிலக்கம் ஓர் ஆண்டைச் சொல்லும், கூட்டின் எழுத்து இன்னோர் ஆண்டைச் சொல்லும். இரண்டும் சில வருடங்களுக்குள் நெருங்க வேண்டும். கூட்டின் விளிம்பில் திருகாணி கடித்த தடம் இரண்டு இடங்களில் இருந்தால், முன்பு அங்கே வேறொரு பொறி குடியிருந்திருக்கிறது. சாவி கொடுக்கும் குமிழ் மூன்று மணிக்கு நேரே நிற்கும் திறந்த முகப்பு இன்னும் வெளிப்படையானது: மூடியுள்ள கூட்டுக்கென்று செய்த பொறியைத்தான் பெரும்பாலும் அதில் திணித்திருப்பார்கள். தங்கக் கூடு உருக்கப்பட்டு அநாதையான பொறிக்கு அதே காலத்து வெள்ளிக்கூடு தேடித் தருவது நல்ல காரியம். ஆனால் கடுகண்ணாவையில் 2014இல் திறந்த புகையிரத அருங்காட்சியகம் போன்ற இடத்தில் அதை வைப்பதானால், பொறியின் ஆண்டையும் கூட்டின் ஆண்டையும் இரண்டையும் இணைத்த ஆண்டையும் தனித்தனியே எழுதி வைக்க வேண்டும்.