'பின்லாந்து அழைக்குது'

53 வருஷம், ஞாயிற்றுக்கிழமையில, ஒரே மனுசன் ஒரே நிகழ்ச்சியை நடத்தினவர் எண்டால் நம்புவீங்களா? நாங்களும் முதல்ல நம்பேல்ல.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வடக்கு. செம்பு, இரும்புச் சுரங்கங்களுக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பின்லாந்துக்காரர் வேலைக்கு வந்து குடியேறின இடம். அங்க மார்க்கெற் நகரத்துத் தொலைக்காட்சி நிலையம் 1962 மார்ச்சில் 'சுவோமி குட்சூ'வைத் தொடங்கியது. தலைப்பில இருக்கிறதுதான் அதின்ர அர்த்தம். நடத்தினவர் கார்ல் பெலன்பா, அந்தக் குடியேறிகளின் வழிவந்தவர்.

பாட்டு, பேட்டி, பின்லாந்துக் கதைகள். பின்னிஷும் ஆங்கிலமும் கலந்துதான் பேசினார். 'சுத்தமான' மொழி வேணும் எண்டு அடம்பிடிச்சிருந்தால் பேரப்பிள்ளைகள் எப்பவோ சானலை மாத்தியிருப்பினம் எண்டுதான் நாங்கள் நினைக்கிறம். திரையோட நிக்காமல், பார்வையாளர்களைப் பின்லாந்துக்கே சுற்றுலா கூட்டிக்கொண்டும் போனார்.

ஆனால் எல்லாம் ஒராளின்ர தோளில. அந்த ஊர்களில மொழி தெரிஞ்ச கிழடுகள் ஒவ்வொருத்தராய்ப் போய்ச்சேர, வீடுகளில ஆங்கிலமே மிஞ்சினது. 2015 மார்ச்சில் பெலன்பா ஓய்வெடுத்தார். அந்தக் கதிரையில வேற ஒருத்தரும் வந்து இருக்கேல்ல. நிகழ்ச்சியும் அதோட முடிஞ்சுது.