கேரியரில் கட்டிய கம்பு

மிதிவண்டியின் வரலாற்றை எழுதப் புகுவோர் சக்கரத்தைப் பற்றி எழுதுவர். சங்கிலியையும் காற்றடைத்த டயரையும் பற்றி எழுதுவர். கேரியரில் குறுக்காகக் கட்டிய ஒரு கம்பைப் பற்றி எவரும் எழுதி நாம் படித்ததில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்த நமக்கோ, மிதிவண்டி என்றதும் முதலில் நினைவில் எழுவது அந்தக் கம்புதான்.

அதன் அமைப்பு மிக எளிது. ஆறடி நீளமுள்ள சவுக்குக் கம்பு ஒன்று. இருக்கைக்குப் பின்னுள்ள கேரியரின்மேல் அதைக் குறுக்காக வைத்து, இருபுறமும் மும்மூன்றடி நீட்டிக்கொண்டிருக்கும்படி கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். வண்டி சாய்ந்தால் கம்பின் நுனி தரையில் ஊன்றிக்கொள்ளும். கேரியர் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் எனக் கொண்டால், ஏறத்தாழ நாற்பது பாகைச் சாய்வில் வண்டி நின்றுவிடும். கால் வண்டிக்கு அடியில் சிக்காது. செலவு என்று ஏதுமில்லை. ஒரு வீட்டுக் கம்பு தெரு முழுவதற்கும் போதுமானதாக இருந்தது.

நாம் சிறுவர்களாயிருந்தபோது ஓட்டக் கற்ற வகை வேறு. வாடகைக் கடையில் மணிக்கணக்குக்கு எடுத்த வண்டியின் பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, குரங்குப் பெடல் போட்டே நாம் தெருவை அளந்தோம். விழுந்தால் முழங்கால் சிராய்ப்பு. அதை ஊரார் வீரமாகவே கொண்டனர். சேலை கட்டிய பெண்ணுக்குக் குரங்குப் பெடல் இயலாது. அவள் விழுந்தாலோ சிராய்ப்பைவிடச் சிரிப்பே அதிகம் வலிக்கும். ஆகவே, அவள் கற்பதற்கு ஒரு கம்பும், பார்ப்பவர் குறைந்த ஒரு பொட்டலும் தேவைப்பட்டன.

அந்தப் பொட்டலை நாம் கண்டது 1992ஆம் ஆண்டளவில். கண்மாய்க்கரையை ஒட்டிய வெளியில், வெயில் தாழ்ந்தபின், அத்தை முறையும் சித்தி முறையும் ஆகிற பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வண்டியேறினார்கள். பின்னால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவள் பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஓர் இளம்பெண். “அத்தே, கீழ பாக்காதீங்க. நேராப் பாருங்க” என்பாள். “விட்றாதடி, விழுந்துருவேன்” என்று இவர் அலறுவார். “நா எப்பவோ விட்டுட்டேன் அத்தே” என்ற குரல் இருபதடி பின்னாலிருந்து வரும். அந்தக் கணத்திலேயே வண்டி ஆட்டம் கண்டு சாயும், கம்பு ஊன்றிக்கொள்ளும், எல்லோரும் சிரிப்பார்கள். அச்சிரிப்பு ஏளனமன்று.

இந்த மாலைகளுக்குப் பின்னால் ஒரு பெருவரலாறு உண்டு. மத்திய அரசு 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பிறந்தது. ஊதியம் பெறாத தொண்டர்கள் ஊர்தோறும் சென்று கற்பித்தனர். கற்றவர்களுள் பெரும்பகுதியினர் பெண்கள். உட்கிடைச் சிற்றூர்களுக்குப் பெண் தொண்டர்கள் எவ்வாறு செல்வது என்ற கேள்வி எழுந்தபோது, அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், மிதிவண்டிப் பயிற்சியை எழுத்தறிவுப் பணியின் ஓர் அங்கமாகவே ஆக்கினார். பெண்கள் வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழிசெய்தார். தொண்டர்கள் கற்றனர், அவர்களைப் பார்த்துக் கற்போரும் கற்றனர், பின்னர் இயக்கத்தோடு தொடர்பில்லாத பெண்களும் கற்றனர்.

நேரில் வந்து பார்த்த பத்திரிகையாளர் பி. சாய்நாத், இந்தியாவின் மிக வறிய மாவட்டங்களைப் பற்றி 1996இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில நூலில் இதற்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். 1992 மகளிர் தினத்தன்று கைப்பிடிகளில் கொடி கட்டி, மணியடித்தபடி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் ஓட்டிச் சென்றதை அதில் பதிவு செய்கிறார். மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டிய மாவட்டத்தில், ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு லட்சம் பெண்கள் ஓட்டக் கற்றதாகக் குறிக்கிறார். இசைக் கல்வெட்டுக்காக நாம் போற்றும் குடுமியான்மலையின் கல்குவாரிப் பெண் தொழிலாளர்களும், பழமைப் பிடிப்புள்ள குடும்பங்களின் இளம் முஸ்லிம் பெண்களும் அவர்களுள் அடங்குவர். தெருவில் அவர்கள் கேட்ட வசைகளையும் அவர் மறைக்கவில்லை. பெண்கள் சிலர் ஆண்களின் வண்டியையே விரும்பியதற்கு அவர் தரும் காரணம் சுவையானது: பாரில் குழந்தையை உட்காரவைக்கலாமே! அவ்வத்தியாயம் பின்னர் இந்திக்குப் பெயர்ந்து, எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் இடம்பெற்றது. புதுக்கோட்டைப் பெண்களை வடநாட்டுச் சிறுவர் பலர் அறிந்தது அவ்வழியேதான்.

ஊர்வலம் ஏட்டில் ஏறிவிட்டது, பொட்டல் ஏறவில்லை. நம் குறை அதுவே. ஒரு லட்சம் என்ற எண்ணுக்குள் எத்தனை லட்சம் வீழ்ச்சிகள் அடங்கியிருக்கும்! அவ்வீழ்ச்சிகளைத் தாங்கியவை எவை என்பதும் வரலாறுதானே?

இவ்விடத்தில் சமநிலையின் இயல்பைச் சற்றே நோக்க வேண்டும். ஜெர்மனியின் மான்ஹைம் நகரைச் சேர்ந்த கார்ல் டிரைஸ் 1817இல் ஓட்டிக் காட்டிய முதல் இருசக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது. காலால் தரையை உந்தியே சென்றார். மனிதன் இரு சக்கரத்தின்மேல் முதலில் கற்றது மிதிப்பதையன்று, விழாதிருப்பதை. சுழலும் சக்கரமே வண்டியை நிமிர்த்தி வைக்கிறது என்று நெடுங்காலம் பலரும் நம்பினர். சக்கரச் சுழற்சியின் விளைவை நீக்கிய பின்னும் தானே நிமிர்ந்தோடும் ஒரு வண்டியை அமெரிக்க, டச்சுப் பொறியியலாளர்கள் செய்து, 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் விளக்கினர். சாயும் பக்கமாகவே முன்சக்கரம் திரும்பவேண்டும். அதுவே சமநிலையின் அடிப்படை. அச்சம் நம்மை எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்கிறது. பயிற்சி சாயும் பக்கமே திருப்பச் சொல்கிறது.

இதனால்தான் கம்பின் அருமை விளங்குகிறது. குழந்தைகளின் வண்டியில் பூட்டும் பக்கச் சக்கரங்கள் வண்டியைச் சாயவே விடுவதில்லை. சாயாதவர் சமநிலை கற்பதில்லை. அவற்றைக் கழற்றிய அன்றுதான் அக்குழந்தைக்குப் பாடம் தொடங்குகிறது. கம்போ சாய்வைத் தடுப்பதில்லை. கடைசி வீழ்ச்சியை மட்டுமே தடுக்கிறது. இயற்பியல் படியாத யாரோ ஒருவர், கற்பவருக்கு எவ்வளவு உதவவேண்டும், எங்கே உதவாமல் நிற்கவேண்டும் என்பதைக் கயிற்று முடிச்சில் எழுதிவைத்தார்.

அமெரிக்க மதுவிலக்கு இயக்கத் தலைவி பிரான்சஸ் வில்லார்டு, 53ஆம் வயதில் மிதிவண்டி கற்ற அனுபவத்தை 1895இல் ஒரு சிறுநூலாக எழுதினார். தொடக்கத்தில் அவருடைய வண்டியை வலிமை மிக்க இளைஞர் மூவர் தாங்கிப் பிடித்தனராம். கண்மாய்க்கரைப் பெண்ணுக்கு அந்த மூவரும் இல்லை. ஓர் இளம்பெண்ணும் ஒரு கம்பும் இருந்தனர். இருவரும் கற்றது ஒன்றே.

புதுக்கோட்டைக்கு இது முற்றிலும் புதிதன்று. சமஸ்தானமாயிருந்த நாளில், ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் முத்துலெட்சுமியைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதித்தார். பின்னாளில் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி என நாடறிந்தவர் அவரே. அன்று ஒரு மன்னரின் சொல் ஒரு பெண்ணுக்குக் கதவைத் திறந்தது. 1991க்குப் பின் திறந்தது கதவன்று, வெளி. அதில் ஒருவரையொருவர் பிடித்துவிட்டவர்களும் பெண்களே.

தமிழக அரசு 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, பின்னர் அதனை மற்ற மாணவ மாணவியர்க்கும் விரித்தது. போற்றத்தக்க பணி. ஆயினும், வண்டியைக் கொடுப்பது வேறு. விழுவதற்கு ஓர் இடத்தைக் கொடுப்பது வேறு. முன்னதை ஆணையால் செய்யலாம். பின்னதற்கு, சிரிக்காமல் உடன் ஓடும் ஒருவர் வேண்டும். அறிவொளி இயக்கத்தின் ஆழ்ந்த சாதனை அந்த ஒருவரை ஊர்தோறும் உருவாக்கியதே என்பது நம் துணிபு. வகுப்பறையில் நிற்கும்போதெல்லாம் நாம் நம்மையே கேட்டுக்கொள்வதும் இதுதான்: மாணவர்க்கு நாம் பக்கச் சக்கரமா, கம்பா?

அந்த அத்தை பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ தேறிவிட்டார். அன்று கயிற்றை அவிழ்த்தவரும் அவரே. கம்பு அடுத்த தெருவுக்குப் போயிற்று. அங்கிருந்து எங்கே போயிற்று, எந்த அடுப்பில் எரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவர் மட்டும் மறுநாள் விடியலில், கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு, கண்மாய்க்கரை வழியே நேராகப் பார்த்தபடி போனார்.