நோயின் உருவமா, பதிவேட்டின் உருவமா?

இந்திய மருத்துவக் கல்லூரிகளின் பால்வினை நோய்ப் பிரிவுகளிலிருந்து வெளிவரும் ஆய்வுகளைப் படிப்போர்க்குப் பிறப்புறுப்பு மரு நோயாளியின் உருவம் பழகிப்போயிருக்கும்: இருபதுகளிலோ முப்பதுகளிலோ உள்ள ஆண். இது நோயின் உருவம்தானா, அல்லது பதிவேடு வரைந்த உருவமா என்பதை வரலாற்று மாணவர்கள் கேட்டாக வேண்டும்.

பதிவேட்டின் கதை பழையது. 1868ஆம் ஆண்டின் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் பாலியல் தொழில் செய்த பெண்களைப் பெயர் பதியச் செய்து, காலமுறைப் பரிசோதனைக்கு உட்படுத்தி, நோயுற்றோரை ‘லாக்’ மருத்துவமனைகளில் அடைத்தது. அவர்களிடம் வந்து சென்ற ஆண்களை அச்சட்டம் தொடவில்லை. அந்த ஆண்களின் மனைவியரோ அதன் கண்ணிலேயே படவில்லை. 1888இல் சட்டம் நீக்கப்பட்டது. ‘நோயின் ஊற்று ஒரு வகைப் பெண்’ என்னும் எண்ணம் நீங்கவில்லை.

மருவைப் பொறுத்தவரை இவ்வெண்ணத்தைக் குலைத்த சான்று வேறோர் இடத்திலிருந்து வந்தது. வெட்டை நோயின் ஒழுக்கு தோலை உறுத்துவதால் மரு முளைக்கிறது என்று மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினர். செல்களற்ற வடிநீராலேயே மரு உண்டாவதை இத்தாலியின் சியூஃபோ 1907இல் காட்டிய பின்னும், பிறப்புறுப்பு மரு உடலுறவால் பரவுவது ஐயத்திற்குரியதாகவே இருந்தது. 1954இல் பாரெட்டும் அவருடைய துணையாய்வாளர்களும் கொரியப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களின் மனைவியரை ஆராய்ந்தனர். கணவர் அயல்நாட்டில் பெற்ற மரு, அவர் வீடு திரும்பிய சில வாரங்களில் மனைவியிடம் தோன்றியிருந்தது. நோய் எங்கிருந்து வருகிறது என்பதற்குச் சாட்சியானவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத இல்லத்தரசிகள்! 1971இல் லண்டனின் ஓரியல், மரு உள்ளோரின் துணைகளில் ஏறத்தாழ மூன்றில் இருவர்க்கு அது தொற்றுவதைக் காட்டினார். 1980களின் தொடக்கத்தில் ட்சூர் ஹவுசனின் ஆய்வுக்கூடம் மனிதப் பாப்பிலோமா வைரஸின் 6, 11ஆம் வகைகளைப் பிரித்தெடுத்தது. பத்தில் ஒன்பது மருக்களுக்கு இவ்விரண்டே காரணம்.

பல துணைகள், இளவயதில் தொடங்கும் உறவு, புகைபிடித்தல், எச்ஐவி என்று இன்றைய கட்டுரைகள் ஆபத்துக் காரணிகளை அடுக்குகின்றன. தவறில்லை. ஆணுறை மூடாத தோலின் வழியாகவும் வைரஸ் பரவுகிறது என்பதையும் சேர்க்கலாம். ஆனால் ஒரே துணையோடு வாழும் பெண்ணுக்குத் தலையாய ஆபத்துக் காரணி அவள் கணவனின் கடந்த காலம்; அதை எந்த வினாத்தாளும் அவளிடம் கேட்டு அறிய இயலாது. அவள் பால்வினை நோய்ப் பிரிவுக்கு வருவதும் அரிது. கருவுற்ற காலத்தில் மரு விரைந்து பெருக்கும்போது மகப்பேற்றுப் பிரிவுக்கு வருகிறாள். அங்கே வேறொரு பதிவேடு. தேசியத் திட்டத்தின் அறிகுறிவழிச் சிகிச்சையில் வண்ணங்களால் குறிக்கப்பட்ட 7 மருந்துப் பொதிகள் உண்டு. மருவுக்கென ஒன்றும் இல்லை. மாத்திரையால் தீராத நோய் என்பதால் அது இயல்பே எனினும், கணக்கிலிருந்து நழுவ இது இன்னொரு வழி.

ஆஸ்திரேலியா 2007இல் பள்ளி மாணவியர்க்கு நால்வகைத் தடுப்பூசியைத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே இளம்பெண்களிடம் மரு பெரிதும் குறைந்தது. ஊசி போடாத, பெண்களோடு உறவுகொள்ளும் இளைஞர்களிடமும் குறைந்தது. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடம் அவ்வாறு குறையவில்லை. தொற்று நடக்கும் பாதையை இதைவிடத் தெளிவாக வரைந்து காட்டிய சான்றை நான் கண்டதில்லை. ஊசிக்கு முன்னும் பின்னும் கிளினிக்குகளில் ஆண், பெண் இருபாலரையும் எண்ணி வைத்திருந்ததால் அது தெரியவந்தது. இந்தியாவில் 2022இல் ஒப்புதல் பெற்ற செர்வாவாக் தடுப்பூசியிலும் 6, 11ஆம் வகைகள் உள்ளன. இங்கே அதன் விளைவை மருவில் அளக்க முற்படுவோர் கையில் முதலில் கிடைக்கப்போவது, மனைவியரின் பெயரில்லாத அந்தப் பதிவேடுதான்.