பெயரில்லாத வாரண்டு

1760 அக்டோபர் 25 அன்று இங்கிலாந்தின் அரசர் இரண்டாம் ஜார்ஜ் காலமானார். மன்னர் மாண்டால் அவர் பெயரால் பிறந்த ஆணைகள் ஆறு மாதத்துக்குமேல் செல்லா என்பது அந்நாட்டு விதியாதலால், அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் பாஸ்டன் துறைமுகத்துச் சுங்க அதிகாரிகள், தாங்கள் வைத்திருந்த ஒருவகைச் சோதனை ஆணைகளைப் புதிய மன்னரின் பெயரில் புதுப்பித்துக்கொள்ள நேர்ந்தது. புதுப்பிக்கலாகாது என்று அவ்வூர் வணிகர் 63 பேர் நியாயஸ்தலத்தில் மனுச் செய்தார்கள். போலீசாரும் ஏனைய சர்க்கார் உத்தியோகஸ்தரும் தக்க காரணமின்றி ஒருவருடைய உடலையும் வீட்டையும் காகிதங்களையும் உடைமைகளையும் சோதிக்கவோ கைப்பற்றவோ கூடாது என்று இன்று அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம் விதிக்கிறதே, அதன் பூர்வகதையில் இந்த மனுவுக்கு முக்கியமான இடமுண்டு.

மனுச் செய்தவர்கள் எல்லோரும் புண்ணியாத்மாக்கள் என்று சொல்வதற்கில்லை. பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து வந்த கரும்புப் பாகுக்குக் காலனுக்கு ஆறு பென்ஸ் தீர்வை என்று 1733-ல் பார்லிமெண்டு சட்டம் செய்திருந்தது. அதை ஒழுங்காகச் செலுத்தினால் அப்பாகிலிருந்து ரம் வடிக்கும் தொழில் நடக்காது. ஆகவே பாகு இரவோடிரவாகக் கரையேறுவதும், அதிகாரிகள் கண்டும் காணாமலிருப்பதும் நெடுநாள் வழக்கமாயின. பிரான்சோடு மூண்ட யுத்தம் அந்தத் தாட்சண்யத்தைப் போக்கியது. பறிமுதலான சரக்கின் விலையில் அரசருக்கு ஒரு பங்கும், கவர்னருக்கு ஒரு பங்கும், பிடித்துக் கொடுத்தவருக்கு ஒரு பங்கும் கிடைத்தமையால் சோதனை போடுவதில் உற்சாகத்துக்கும் குறைவிருக்கவில்லை.

அவர்கள் ஏந்திய ஆணையோ விசித்திரமானது. யார் வீட்டைச் சோதிப்பது, எந்தப் பொருளைத் தேடுவது, எந்தச் சாட்சியத்தின் பேரில் தேடுவது என்பதொன்றும் அதில் கண்டிராது. பகற்பொழுதில் எந்த வீட்டிலும் கடையிலும் கிடங்கிலும் புகலாம், பூட்டை உடைக்கலாம், செய்ததைப் பற்றி எந்த நீதிபதிக்கும் கணக்குச் சொல்ல வேண்டுவதில்லை, மன்னர் இருக்குமட்டும் ஆணையும் இருக்கும். அதைக் கைமாற்றிக் கொடுப்பதும் உண்டு. ஓய்வுநாள் விதியை மீறினான் என்ற குற்றத்துக்காக வேர் என்ற சுங்கச் சேவகனை வாலி என்ற நீதிபதி அழைத்து விசாரித்தபோது, அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, விசாரணை முடிந்தவுடன், பிறர் கைமாற்றித் தந்த அந்த ஆணையை எடுத்து நீட்டி, நீதிபதியின் வீட்டையே பரண் முதல் நிலவறை வரை துருவிப் பார்த்து, பிறகு தன்னை அழைத்துவந்த காவலன் வீட்டுக்கும் அவ்விதமே மரியாதை செய்தானாம்.

இக்கதையை நீதிமன்றத்தில் எடுத்துரைத்தவர் வணிகர்களின் வக்கீல் ஜேம்ஸ் ஓடிஸ். இந்த ஆணைகளுக்காக வாதாடுவதே கடமையாக அமைந்த சர்க்கார் வக்கீல் பதவியை அவர் ராஜினாமாச் செய்துவிட்டு, கூலியும் வேண்டாமென்று மறுத்து எதிர்த்தரப்பில் நின்றார். தம் தந்தை எதிர்பார்த்திருந்த பிரதம நீதிபதி பதவி தாமஸ் ஹட்சின்ஸனுக்குப் போய்விட்ட கோபமே இதற்குக் காரணம் என்று அக்காலத்தில் பேசினவர்களும் உண்டு. இருக்கலாம், சொந்தக் கோபம் பொதுக் காரியத்துக்கு உதவுவது உலகில் புதிதன்று. 1761 பிப்ரவரியில், அந்த ஹட்சின்ஸன் முன்னிலையிலேயே, பல மணி நேரம் அவர் பேசினார். குறிப்பிட்ட இடத்தை, பிரமாணம் செய்து கொடுத்த குறிப்பிட்ட சந்தேகத்தின் பேரில் சோதிக்கும் ஆணை மட்டுமே சட்டத்துக்கு உகந்தது என்பதும், ஏனையது எந்தச் சேவகனுக்கும் ஒவ்வொரு குடும்பத்தின் சுதந்திரத்தையும் அடகு வைப்பது என்பதும் அவர் வாதத்தின் சாரம். வழக்கில் தோற்றார். லண்டனுக்கு எழுதிக் கேட்டு, அவ்வருஷ இறுதியில் ஆணைகளைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் 25 வயது வக்கீலொருவர் அன்று அங்கே உட்கார்ந்து குறிப்பெழுதிக் கொண்டிருந்தார். அவர் பெயர் ஜான் ஆடம்ஸ்.

இதே காலத்தில் தாய்நாடான இங்கிலாந்திலும் பெயரில்லாத வாரண்டு ஒரு கலகத்தை எழுப்பியது. ஜான் வில்க்ஸ் நடத்திய பத்திரிகையின் 45-வது இதழ் அரசரின் பிரசங்கத்தைப் பழித்தது என்று, 1763 ஏப்ரலில் மந்திரி ஹாலிஃபாக்ஸ் பிரபு, எழுதியவர், அச்சிட்டவர், வெளியிட்டவர் யாவரையும் பிடிக்குமாறு, ஒருவர் பெயரையும் குறிக்காமல் வாரண்டு பிறப்பித்தார். 49 பேர் பிடிபட்டார்கள். வில்க்ஸின் மேஜை அறைகளின் பூட்டை உடைத்துக் காகிதங்களை மூட்டை கட்டினார்கள். துர்நடத்தைக்குப் பேர்போன அம்மனிதர் சளைக்காமல் வழக்குத் தொடுத்து 1,000 பவுன் நஷ்டஈடு பெற்றார். வாரத்துக்கு ஒரு கினி சம்பளம் வாங்கிய அச்சுத்தொழிலாளி ஒருவரை ஆறு மணி நேரம் காவலில் வைத்து, மாட்டிறைச்சியும் பீரும் கொடுத்து உபசரித்து அனுப்பியிருந்தும், ஜூரிகள் அவருக்கு 300 பவுன் வழங்கினார்கள். ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வழக்கில், 1765-ல், கேம்டன் பிரபு எனப் பெயர்பெற்ற பிரதம நீதிபதி பிராட், ராஜாங்கத்தின் அவசியம் என்ற சமாதானத்தை ஒப்பவில்லை. இப்படிச் சோதிக்க அதிகாரம் தரும் சட்டம் எந்த நூலிலும் காணப்படாதபோது அதிகாரமும் இல்லை என்று தீர்த்தார். அமெரிக்கர்கள் தங்கள் ஊர்களுக்குக் கேம்டன் என்றும் வில்க்ஸ்-பேரி என்றும் பெயரிட்டு இவ்விருவரையும் போற்றினார்கள்.

ஓடிஸ் 1769-ல் ஒரு காப்பிக் கடையில் சுங்க கமிஷனர் ஒருவரால் தலையில் அடிபட்டவர்; பின்னர் சித்தம் கலங்கி, 1783-ல் மின்னல் தாக்கி இறந்தார். அதற்குள் ஆடம்ஸ், மாசசூஸெட்ஸ் ராஜ்யத்தின் 1780-ஆம் வருஷ சாசனத்தை வரைந்து, நியாயமற்ற சோதனைகளுக்கும் கைப்பற்றுதலுக்கும் எதிரான உரிமையை அதில் 14-வது ஷரத்தாகச் சேர்த்துவிட்டார். அதையொட்டிய வாசகமே, 1789-ல் மாடிஸன் காங்கிரஸில் பிரேரித்த திருத்தங்களின் வழியாக, 1791 டிசம்பர் 15 அன்று தேசத்தின் சாசனத்திலும் சட்டமாயிற்று.

சட்டமாயிற்றேயன்றி, மீறினால் என்ன என்ற கேள்விக்கு அதில் பதிலில்லை. முறைதவறிக் கைப்பற்றிய காகிதங்களை மத்திய நீதிமன்றங்களில் சாட்சியமாக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது 1914-ல். ராஜ்யங்களின் நீதிமன்றங்களுக்கும் அது பொருந்தும் என்று சொல்ல 1961 வரை சென்றது. கிளீவ்லந்து நகரில் டால்ரி மாப் என்ற பெண்மணி வாரண்டைக் காட்டு என்று கேட்டபோது போலீசார் ஏதோ ஒரு காகிதத்தை ஆட்டிக் காட்டிவிட்டு உள்ளே புகுந்தார்கள். விசாரணையில் அப்படியொரு வாரண்டை யாரும் ஆஜர்ப்படுத்தவில்லை. அந்த வழக்கில்தான் இத்தீர்ப்பு வந்தது.

நம் அரசியல் நிர்ணய சபையிலும் 1948 டிசம்பரில் காஜி சையது கரிமுத்தீன் இத்தகைய ஷரத்தைப் பிரேரித்தார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் உள்ளதுதான் எனினும், சட்டசபைகள் மாற்ற முடியாத இடத்தில் அது இருப்பது நல்லதென்று டாக்டர் அம்பேத்கர் ஏற்க முன்வந்தும், சபை நிராகரித்துவிட்டது. அதனால் அமெரிக்க உரிமையை இங்கே தேடிப் பயனில்லை என்று 1954-ல் சுப்ரீம் கோர்ட்டின் எட்டு நீதிபதிகள் தீர்த்தார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அத்தீர்ப்பை மாற்றினார்கள்; ஆயினும் சோதனையைப் பற்றிய தனி ஷரத்து நமது சாசனத்தில் இன்றுவரை இல்லை.