கோட்டையை விட்டுக்கொடுத்த கதை

பழுவேட்டரையர் பெயரைக் கேள்விப்படாத தமிழ் வாசகர் அபூர்வம். கல்கி 1950-ல் ‘பொன்னியின் செல்வன்’ எழுத ஆரம்பித்தாலும் ஆரம்பித்தார், அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகிற பஸ்ஸில் கீழப்பழுவூர் போர்டைப் பார்த்தவுடன் யாராவது ஒருவர் ‘அந்தப் பழுவூரா?’ என்று எட்டிப் பார்க்கிறார். அந்தப் பழுவூரேதான். சம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயில் இங்கே இருக்கிறது. பக்கத்தில் கீழையூரில், ஆதித்த சோழன் காலத்தில் பழுவேட்டரையர் கட்டிய அவனிகந்தர்ப்ப ஈசுவர கிருகம். அந்த வீட்டுப் பெண்ணைப் பராந்தக சோழன் மணந்ததை அன்பில் செப்பேடு சொல்கிறது.

இந்தப் பெருமையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் யாரும் கவனிக்காத ஒரு சின்னச் சமாசாரம்.

சோழர் காலத்தில் ஊர்ச் சபையார் கோயிலுக்கு நிலம் விற்றால் கல்லில் எப்படி எழுதுவார்கள் தெரியுமா? ‘விற்றுக்குடுத்தோம்.’ பொன்னை எண்ணி வாங்கிக்கொண்டு, அதையும் ‘கைக்கொண்டு’ என்று எழுதிவிட்டு, அப்புறம் என்ன ‘குடுத்தோம்’? இனாமா கொடுத்தார்கள்? இல்லை. அங்கே ‘கொடு’ என்பது தானம் அல்ல. காரியத்தின் பலன் அடுத்தவருக்குப் போகிறது என்று காட்டுகிற ஒரு வால். ‘கொள்’ என்று போட்டால் பலன் நமக்கே திரும்பும். ஆயிரம் வருஷத்துக்குப் பிறகும் பழுவூர் டீக்கடையில் ‘எழுதிக் குடு’, ‘எழுதிக்கோ’ என்றுதான் பேசுகிறார்கள். இலக்கணப் புத்தகம் இதைத் துணைவினை என்கிறது.

இதே வால்தான் ஆங்கிலத்தில் ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ என்று தொங்குகிறது. நம்மைப் பரீட்சையில் படுத்தி எடுத்த ‘ஃப்ரேஸல் வெர்ப்’ அதுதான். ‘கிவ் அப்’ என்றால் கைவிடு, ‘கிவ் இன்’ என்றால் பணிந்து போ. கொடுப்பதற்கும் மேலே கீழே போவதற்கும் என்ன சம்பந்தம் என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாதவர் யார்?

ஆங்கிலேயருக்கே இது ஆதியில் இருந்த வழக்கம் இல்லை. ஆதித்த சோழன் பட்டத்துக்கு வந்ததாகச் சொல்லப்படும் அதே 871-ல்தான் இங்கிலாந்தின் ஒரு பகுதிக்கு ஆல்ஃபிரட் ராஜாவானார். அவர் பேசிய பழைய ஆங்கிலத்தில் வினைச்சொல்லின் அர்த்தத்தைத் திருப்பும் வேலையைப் பெரும்பாலும் முன்னால் ஒட்டும் சொற்களே செய்தன. ‘ஃபர்கிவ்’, ‘வித்ஸ்டாண்ட்’ எல்லாம் அந்தக் காலத்து மிச்சங்கள். வைக்கிங் படையெடுப்பு, அதன்பின் 1066-ல் நார்மன்கள். இந்தக் கலவரத்துக்கு நடுவே பழைய முன்னொட்டுகள் ஒவ்வொன்றாகத் தேய, ‘அப்’பும் ‘அவுட்’டும் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டன.

பீட்டர்பரோ மடத்தில் துறவிகள் எழுதிவந்த வரலாற்றுக் குறிப்பு 1154-ஆம் ஆண்டோடு நிற்கிறது. அதன் கடைசிப் பக்கங்களில், உள்நாட்டுப் போரில் சிக்கிய ஒரு பிரபு தன் கோட்டைகளை ஒப்படைக்கச் சம்மதித்ததைச் சொல்லுமிடத்தில் ‘கிவ் அப்’ இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த ஜோடி தென்படும் மிகப் பழைய இடங்களில் இது ஒன்று. அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். கோட்டையை விட்டுக்கொடுத்தான். அவர்கள் ‘கொடு’வுக்கு வால் வைத்தார்கள். நாம் ‘கொடு’வையே வாலாக்கினோம்!

இது ஒன்றோடு போகவில்லை. ‘லுக்’ என்றால் பார். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பார்த்துக்கொள். ‘புட்’ என்றால் போடு. சட்டையை ‘புட் ஆன்’ பண்ணு என்றால் போட்டுக்கொள். ‘பாஸ் அவே’ என்றால் இறந்து போ. அவர்கள் திசையைச் சொல்கிற சொல்லை ஒட்டுகிறார்கள், நாம் இன்னொரு வினையை ஒட்டுகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

நார்மன்களோடு வந்த பிரெஞ்சுச் சொற்கள் அரண்மனையிலும் கோர்ட்டிலும் உட்கார்ந்தன. ‘சரண்டர்’ பிரெஞ்சு வழி வந்தது. ‘கிவ் அப்’ வீட்டுச் சொல். ‘என்டர்’ துரை வீட்டு வாசல், ‘கம் இன்’ சொந்த வீட்டு வாசல். டாக்டர் ஜான்சன் 1755-ல் தன் அகராதியின் முன்னுரையிலேயே, இந்த ஜோடிகள்தான் வெளிநாட்டுக்காரர்களைத் திணறடிக்கின்றன, அதனால் கவனமாகத் திரட்டியிருக்கிறேன் என்ற பொருளில் எழுதினார். ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்ற பெயர் அச்சேறியது இன்னும் தாமதமாக, 1925-ல். லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் தன் புத்தகத்தில் அதைப் பயன்படுத்தி, பெயரை யோசனை சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஹென்றி பிராட்லி என்று நன்றி சொன்னார்.

பெரிய வேடிக்கை 1930-ல் நடந்தது. ஆக்டன் என்ற அறிஞர் உலகத்துக்கே சுலபமான ஆங்கிலம் தருகிறேன் என்று ‘பேஸிக் இங்கிலீஷ்’ கொண்டுவந்தார். மொத்தம் 850 சொல். அதில் வினைச்சொல் வெறும் 18! மற்ற வினைகளுக்கு எங்கே போவது? ‘கிவ்’, ‘புட்’, ‘கெட்’ இவற்றோடு ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ சேர்த்து ஒப்பேற்றிக்கொள்ள வேண்டியதுதான். சர்ச்சில்கூட 1943-ல் ஆதரித்துப் பேசினார். ஆனால் நமக்கு எது கடினமோ அதையே சுலபம் என்று நீட்டிவிட்டார் மனுஷன். நமக்கெல்லாம் ‘போஸ்ட்போன்’ என்ற ஒரே சொல் எவ்வளவோ மேல். ‘புட் ஆஃப்’தான் உதைக்கும். டாக்காவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, இந்தியப் பிள்ளைகளோடு பழகிய மைக்கேல் வெஸ்ட் 1934-ல் சகாக்களோடு சேர்ந்து இந்தத் திட்டத்தை விமர்சித்து ஒரு புத்தகமே எழுதினார்.

நமக்கு ஏன் உதைக்கிறது? 1835-ல் மெக்காலே குறிப்பு எழுதியதிலிருந்து நமக்கு வந்த ஆங்கிலம் ஆபீஸ் ஆங்கிலம். மனு, தீர்ப்பு, சர்க்குலர். எல்லாமே அரண்மனைப் பக்கத்துச் சொற்கள். வீட்டுச் சொற்களைப் பேசிக் காட்ட ஆள் இல்லை. 2000-களில் கால் சென்டர்கள் வந்தபோது, முதல் வகுப்பில் பாஸ் பண்ணிய பிள்ளைகள் போனில் ‘ஹோல்ட் ஆன்’, ‘ஹேங் அப்’ கேட்டு விழித்ததற்கு இதுவும் ஒரு காரணம். வால் வேண்டாத இடத்தில் வால் ஒட்டுவதும் நம்மிடம் உண்டு. ‘டிஸ்கஸ் அபவுட்’ என்போம். ‘அதைப் பற்றிப் பேசு’வின் ‘பற்றி’ கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது.

கீழப்பழுவூரிலிருந்து திருமானூர் வழியாகக் கொள்ளிடக் கரைப் பக்கம் போனால் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் எழுப்பிய அடைக்கல மாதா கோயில் இருக்கும் ஊர். இத்தாலிக்காரரான அவருக்கு இதே சிக்கல் தலைகீழாக வந்தது. புத்தகத் தமிழ் வேறு, சந்தையில் கேட்கும் தமிழ் வேறு. அவர் என்ன செய்தார்? செந்தமிழுக்கு இலக்கணம் எழுதியதோடு நிற்காமல், 1728-ல் கொடுந்தமிழுக்கு, அதாவது ஜனங்கள் பேசுகிற தமிழுக்கு, லத்தீனில் தனியாக ஓர் இலக்கணம் எழுதினார். அடுத்து வரும் பாதிரிமார்கள் தடுமாறக் கூடாது என்று. ஏலாக்குறிச்சிக்கு வந்த வெளிநாட்டுக்காரருக்குக் கிடைத்த இந்தச் சலுகை பழுவூர்ப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. அவனுக்குக் கிடைத்தது கைடு புத்தகத்தில் ஒரு பட்டியல். இடது பக்கம் ‘புட் அப் வித்’, வலது பக்கம் ‘டாலரேட்’. மனப்பாடம் பண்ணு. வரவில்லையா, மக்கு.

மக்கா அவன்? ‘பாலை ஊத்திடு’, ‘ஊத்திக்கோ’, ‘ஊத்திக் குடு’, ‘ஊத்தி வை’, ‘ஊத்தித் தொலை’ என்று அம்மா சொல்கிற ஐந்துக்கும் ஐந்து அர்த்தம் என்று பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரிந்தவன். கடைசி ‘தொலை’யில் அம்மாவின் கோபம் இருப்பதுகூடத் தெரியும். படம் ‘ஊத்திக்கிச்சு’ என்றால் எதுவும் கொட்டவில்லை என்று தெரியும். ‘போட்டுக் குடுத்துட்டான்’, ‘வாங்கிக் கட்டிக்கிட்டான்’, ‘கழட்டி விட்டுட்டாள்’ இதையெல்லாம் எந்தப் பட்டியலில் படித்தான்? ஹெரால்டு ஷிஃப்மன் என்ற அமெரிக்கர் இந்தத் தமிழ் வால்களை ஆராய்ந்தே 1969-ல் சிகாகோவில் டாக்டர் பட்டம் வாங்கினார். இ. அண்ணாமலை 1985-ல் இதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். அவ்வளவு ஆழமான சரக்கு, பையன் சும்மா பேசிக்கொண்டு திரிகிறான்.

நிஜமாகவே புதிதாகக் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அது ‘அதை’யும் ‘அவனை’யும் எங்கே வைப்பது என்பது. தமிழில் எப்போதும் முன்னாலேயே வைத்துவிடலாம்: அதை எடுத்துக்கோ, அவனைப் பார்த்துக்கோ. ஆங்கிலத்தில் பைக்கு ‘பிக் அப் தி பேக்’ என்றாலும் சரி, ‘பிக் தி பேக் அப்’ என்றாலும் சரி. ஆனால் ‘அதை’ வந்தால் நடுவில்தான்: ‘பிக் இட் அப்’. ‘லுக் ஆஃப்டர் ஹிம்’மில் மட்டும் ‘ஹிம்’ நடுவில் நுழைய முடியாது. ஏனென்றால் அங்கே ‘ஆஃப்டர்’ வினையோடு திரிகிற வால் இல்லை, அடுத்து வரும் பெயரைப் பிடித்துக்கொள்ளும் ப்ரெபொசிஷன். நம் ஊர் வேற்றுமை உருபு மாதிரி. ‘அவனை’யில் இருக்கும் ‘ஐ’யைப் பிரித்துத் தூர வைக்க முடியுமா? முடியாதல்லவா, அதே கதைதான். கரும்பலகையில் பத்து நிமிஷ வேலை.