இணைகோடுகள் சந்திக்காது என்று யார் சொன்னது?



இணைகோடுகள் என்றால் என்ன என்று கேட்டால் என்னிடம் படித்தவர்கள் தூக்கத்திலும் சொல்லிவிடுவீர்கள்: ஒரே தளத்தில், எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காத இரு கோடுகள். சரிதான். ஆனால் இந்த ஒரு வரிக்குப் பின்னால் இரண்டாயிரம் ஆண்டு வழக்கு ஒன்று இருக்கிறது. பாடத்தை முடிக்கும் அவசரத்தில் வகுப்பில் அதைச் சொல்ல நேரம் இருந்ததில்லை. இப்போது நிறைய இருக்கிறது.

முதலில் ஒரு நினைவூட்டல். நாம் நோட்டில் ஸ்கேல் வைத்துப் போடுவது கோட்டுத்துண்டுதான். அதற்கு இரண்டு முனை உண்டு, அளக்கலாம். கோட்டுக்கு முனையே கிடையாது. அதனால்தான் இரு பக்கமும் அம்புக்குறி போடச் சொல்வேன். இரண்டு கோட்டுத்துண்டுகள் தாளில் தொடவில்லை என்பதால் மட்டும் அவை இணையாகிவிடாது. நீட்டினால் அடுத்த தெருவில் முட்டலாம், அடுத்த ஊரிலும் முட்டலாம். அப்படியிருக்க, சந்திக்கவே சந்திக்காது என்று எதை வைத்துச் சொல்வது? கடைசிவரை போய்ப் பார்த்தவர் யாருமில்லையே!

கி.மு. 300 வாக்கில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த யூக்ளிட், தம் 'எலிமென்ட்ஸ்' நூலில் ஐந்து எடுகோள்களை வைத்தார். எடுகோள் என்றால் நிறுவாமலே ஏற்றுக்கொள்வது. முதல் நான்கும் எளியவை. இரு புள்ளிகளைக் கோட்டால் இணைக்கலாம், கோட்டுத்துண்டை நீட்டலாம், வட்டம் வரையலாம், எல்லாச் செங்கோணங்களும் சமம்.

ஐந்தாவதுதான் நீளமானது. இரு கோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டுகிறது. ஒரு பக்கத்து உட்கோணங்கள் இரண்டையும் கூட்டினால் 180 டிகிரிக்குக் குறைவு என்றால், அந்தப் பக்கம் நீட்டும்போது கோடுகள் சந்தித்தே தீரும். தாளுக்குள் இரண்டு கோணத்தை அளந்தால் தாளுக்கு வெளியே நடப்பது தெரிந்துவிடும் என்கிறார்!

யூக்ளிடே இதைத் தயங்கித்தான் தொட்டிருக்கிறார். முதல் புத்தகத்தின் 28 கூற்றுகளை இது இல்லாமலே நிறுவிவிட்டு, 29-இல்தான் பயன்படுத்துகிறார். மூலைமட்டத்தை நகர்த்தி நீங்கள் போட்ட கோடு இணைகோடுதான் என்று காட்ட ஐந்தாவது தேவையில்லை. அந்தப் புள்ளி வழியாக வேறொரு இணைகோடு கிடையாது என்று சொல்லத்தான் அது வேண்டும்.

இவ்வளவு நீளமான ஒன்றை நிறுவாமல் ஏற்பதா என்று பலருக்கு உறுத்தியது. மற்ற நான்கிலிருந்து இதை நிறுவ கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் புரோக்ளஸ் முயன்றார். பாரசீகக் கவிஞர் என்று நாம் அறிந்த உமர் கய்யாமும் இதோடு மல்லுக்கட்டியவர்தான். 1733-இல் இத்தாலியப் பாதிரியார் சாக்கேரி, ஐந்தாவது பொய் என்று வைத்துக்கொண்டு முரண்பாடு தேடினார். வந்ததெல்லாம் புதுப்புதுத் தேற்றங்கள். கடைசியில், இது நேர்கோட்டின் இயல்புக்கே பொருந்தாது என்று சொல்லி முடித்துக்கொண்டார். கதவைத் திறந்தவர் உள்ளே போகவில்லை.

உள்ளே போனவர் ஹங்கேரியைச் சேர்ந்த யானோஷ் போயாய். அவருடைய அப்பா ஃபர்க்கஷும் இதிலேயே பல வருடம் தோற்றவர். இது உன் உடம்பையும் நிம்மதியையும் தின்றுவிடும், விட்டுவிடு என்று மகனுக்குக் கடிதம் எழுதினார். மகன் கேட்கவில்லை. 1823-இல், 21 வயது நிறையுமுன்பே, ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு புது உலகத்தையே உண்டாக்கிவிட்டேன் என்று அப்பாவுக்கு எழுதினார். அந்த உலகில் ஒரு புள்ளி வழியாக எத்தனையோ இணைகோடுகள். முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180-க்குக் குறைவு.

1832-இல் அது அப்பாவின் நூலுக்குப் பின்னிணைப்பாக அச்சானது. அப்பா அதைத் தம் பழைய நண்பரும் பெரும் கணித மேதையுமான காஸுக்கு அனுப்பினார். இதைப் பாராட்டினால் என்னையே பாராட்டிக்கொள்வதாகும், பல ஆண்டுகளுக்கு முன்பே இதையெல்லாம் யோசித்துவிட்டேன் என்று பதில் வந்தது. இன்னொரு நண்பருக்கு எழுதும்போது அதே காஸ் அந்த இளைஞரை முதல்தர மேதை என்றார். அதை அவரிடமே சொல்லியிருக்கலாம். யானோஷ் மனமுடைந்து போனார். அதன்பின் கணிதத்தில் எதையும் வெளியிடவில்லை; ஆயிரக்கணக்கான பக்கங்கள் கையெழுத்தாகவே கிடந்தன. 1860-இல் இறந்தார். 35 வருடம் ஆசிரியராக இருந்தவளுக்கு இந்த இடம்தான் மனதைப் பிசைகிறது.

ரஷ்யாவின் கசானில் லோபசெவ்ஸ்கியும் தனியாக இதையே கண்டு 1829-இலேயே வெளியிட்டிருந்தார். 1868-இல் பெல்ட்ராமி, யூக்ளிட் வடிவியலில் முரண்பாடு இல்லையென்றால் இதிலும் இல்லை என்று காட்டினார். வழக்கு முடிந்தது: ஐந்தாவதை மற்ற நான்கிலிருந்து நிறுவவே முடியாது. அது இல்லாமலும் வடிவியல் உண்டு. ரீமன் 1854-இல் வளைந்த வெளிகளைப் பற்றிப் பேசினார். 1915-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விசையை விளக்க அந்தக் கணிதம்தான் கைகொடுத்தது.

சமதளத் தாளில் நாம் படித்தது எதுவும் பொய்யாகவில்லை. தளம் மாறினால் விதி மாறும், அவ்வளவுதான். ஆகவே உங்கள் பிள்ளையோ பேரனோ 'ஏன் சந்திக்காது?' என்று கேட்டால், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று வாயை அடைக்காதீர்கள். நல்ல கேள்வி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இனி வீட்டுப்பாடம். ஒரு ரப்பர் பந்தின் நடுவில் சுற்றிலும் ஒரு கோடு போடுங்கள். அதில் கால் சுற்று இடைவெளியில் இரு புள்ளிகள் வையுங்கள். இரண்டிலிருந்தும் செங்குத்தாக உச்சியை நோக்கி நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல்கள் சந்திக்கின்றனவா? அந்த முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் எவ்வளவு? பிள்ளைகளைச் செய்யவிட்டு, விடையை அவர்கள் பெயரோடு கீழே எழுதுங்கள். நான் திருத்துகிறேன்.