பூச்சி மாத்திரைக்கு முன்னால் ஓமம் இருந்தது

தேவதானப்பட்டிப் பக்கம் ‘பூச்சி மருந்து’ என்று சொன்னால் மாந்தோப்புக்கு அடிக்கிற மருந்து என்றுதான் பொருள். அதனால் பள்ளிக்கூடத்தில் கொடுப்பதைப் ‘பூச்சி மாத்திரை’ என்று பிரித்துச் சொல்வது வழக்கம். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், சப்பிச் சாப்பிடுகிற மாத்திரை. 2015 பிப்ரவரி 10 அன்று தேசிய குடற்புழு நீக்க நாள் தொடங்கியதிலிருந்து ஒன்று முதல் 19 வயது வரை எல்லோருக்கும் அது போகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதி மாத்திரை, அதையும் பொடித்துத் தர வேண்டும்.

நம் பேச்சில் நாக்குப்பூச்சி உண்டு, கீரிப்பூச்சி உண்டு. இரண்டும் கண்ணால் பார்த்த பூச்சிகள், அதனால் பேர் வைத்திருக்கிறோம். கொக்கிப்புழுவுக்கு மட்டும் நாட்டுப்பேர் எதுவும் என் காதில் விழுந்ததில்லை. அது ஒரு சென்டிமீட்டர் நீளம்தான், குடல் சுவரைக் கவ்விக்கொண்டு உள்ளேயே இருந்துவிடும். நமக்குத் தெரிந்ததெல்லாம் அதனால் வந்த சோகை மட்டும்தான். தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் நெக்கேட்டர் வகையில் ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.03 மில்லி ரத்தம் உறிஞ்சும். நூறு புழு இருந்தால் தினம் 3 மில்லி. ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் அதைச் சமாளித்துவிடலாம். கஞ்சி குடித்து வேலைக்குப் போகிற பெண்ணால் முடியாது.

இந்தப் புழுவுக்கு உலகம் முதலில் நம்பிய மருந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? நம்ம அடுப்படி ஓமத்திலிருந்து. ஓம எண்ணெயில் தைமால் என்ற பொருள் நிறைய இருக்கிறது. 1880ஐ ஒட்டி ஆல்ப்ஸ் மலையில் கோத்தார்டு சுரங்கம் தோண்டிய இத்தாலியத் தொழிலாளிகள் ரத்தசோகையில் விழுந்தபோது, டூரின் நகர மருத்துவர் கமில்லோ பொட்ஸோலோ தைமாலைக் கொடுத்துப் பார்த்தார். பிறகு உலகமெங்கும் அதுவே மருந்தானது. முதல் உலகப்போர் வரை நம் நாட்டு ஓமம் ஜெர்மனிக்குக் கப்பலேறி, அங்கே தைமாலாக மாறிக்கொண்டிருந்தது.

ஓமத்தண்ணி குடித்தால் கொக்கிப்புழு போய்விடும் என்று இதை வைத்து யாரும் கிளம்ப வேண்டாம். பெரியவர்களுக்கு அன்று கொடுத்தது சுத்தமான தைமால், கிட்டத்தட்ட 4 கிராம் வரை. முதல் நாள் ராத்திரி பேதி உப்பு, காலையில் வெறும் வயிற்றில் மருந்து, மறுபடி பேதி உப்பு. எண்ணெய், கொழுப்பு, சாராயம் எதுவும் ஆகாது. இவற்றில் தைமால் கரைந்து ரத்தத்தில் ஏறினால் ஆளுக்கே ஆபத்து. பூச்சி மருந்து என்றாலே விளக்கெண்ணெய் கொடுத்துப் பழகிய ஊரில் இதைச் சொல்லிப் புரியவைப்பது எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சென்னை மாகாணத்தில் கொக்கிப்புழு ஆய்வை நடத்தியவர் கே. எஸ். மாஸ்கர். வேதியியல் அறிந்த பாதிரியார் கயஸுடன் சேர்ந்து, எந்த மருந்து எவ்வளவு புழுவை வெளியேற்றுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, 1919 முதல் கட்டுரைகளாக வெளியிட்டார். 1924இல் அவருடைய ஆய்வறிக்கை வந்தது. இந்தக் காரியம் இன்று பலருக்கும் தெரியாமலே போய்விட்டது, எனக்கு அது வருத்தம்தான்.

இன்னொரு பக்கம் இலங்கை. மலையகத் தோட்டங்களுக்குப் போன நம் சனங்களிடம் கொக்கிப்புழு ஏராளம். ராக்பெல்லர் அறக்கட்டளை 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் சிகிச்சையை ஆரம்பித்தது. பிறகு ராமேஸ்வரத்துக்கு இந்தப் பக்கம் மண்டபம் முகாமிலேயே, கப்பல் ஏறும் முன் கூலிகளுக்குப் புழு மருந்து கொடுத்தார்கள். மருந்து கொடுத்த பிறகும் புழு திரும்ப வந்தது. காரணம் எளிது: கொக்கிப்புழு வாய் வழியாக வருவதைவிட வெறுங்கால் வழியாக ஏறுவதுதான் அதிகம். மலம் விழுந்த ஈர மண்ணில் குஞ்சு பொரித்து, மிதிக்கிற காலுக்காகக் காத்திருக்கும். அறக்கட்டளைக்காரர்கள் கக்கூஸ் கட்டச் சொன்னார்கள். தோட்ட முதலாளிகளுக்கு மருந்து மலிவு, கக்கூஸ் செலவு. பழியை மட்டும் ‘கூலிகளின் பழக்கம்’ மேல் போட்டுவிட்டார்கள்.

மருந்துகளும் லேசுப்பட்டவை இல்லை. 1921இல் அமெரிக்கக் கால்நடை ஆய்வாளர் மாரிஸ் ஹால், நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, 3 மில்லி கார்பன் டெட்ராகுளோரைடைத் தானே குடித்தார். தீயணைக்கவும் துணி வெளுக்கவும் பயன்பட்ட அதே திரவம்! புழு போனது உண்மைதான், கூடவே பலருடைய ஈரலும் கெட்டது, உயிரும் போனது. நாட்டு மருந்து என்றால் தப்பு என்றும் இல்லை. நாம் பூச்சிக்குக் கொடுத்த ஆடுதின்னாப்பாளையில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருப்பது இன்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் அல்பெண்டசோலின் அருமை புரியும். 1970களில் கால்நடைகளுக்காக வந்து, 1980களில் மனிதருக்கு அனுமதி பெற்ற மருந்து. புழுவின் செல்லுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். புழுவால் குளுக்கோஸை எடுக்க முடியாது, பட்டினியில் சாகும். குடலில் இருந்து உடம்பில் ஏறுவது கொஞ்சம்தான், வயிற்றுப்பூச்சிக்கு அது நமக்குச் சாதகம். மூளையில் நாடாப்புழுக் கட்டி என்றால் மருந்து ரத்தத்தில் ஏற வேண்டும். அப்போது கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுப்பார்கள். தைமால் காலத்தில் எது விஷமோ அதுவே இங்கே உதவி.

சர்வரோக நிவாரணி என்று நினைத்துவிடக் கூடாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வந்த கணக்குப்படி, ஒரே வேளை அல்பெண்டசோல் உருண்டைப்புழுவை 88 சதவீதம் பேருக்குக் குணமாக்கியது, கொக்கிப்புழுவை 72 சதவீதம் பேருக்கு, சாட்டைப்புழுவை வெறும் 28 சதவீதம் பேருக்கு.

எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. உருண்டைப்புழு பிள்ளைகளிடம் அதிகம், கொக்கிப்புழுவோ பெரியவர்களிடமும் நன்றாகவே தங்கும். நம் பள்ளத்தாக்கில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடிகாலையில் ஜீப்பேறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். நிழல், ஈரம், இலைச்சருகு மூடிய மண்: ஏலத்துக்கு எது நல்லதோ அது கொக்கிப்புழுவுக்கும் நல்லது. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் மாத்திரை தருகிறார்கள், கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் நீங்கலாக. நாற்பது வயதுக்காரிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அவள் தானாக ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டால்தான் உண்டு. ஜீப் திரும்பி வரும் நேரத்துக்குப் புறநோயாளிச் சீட்டு கொடுக்கிற இடம் மூடியிருக்கும்.